மலைச்சரிவில் கல் எடுப்பதும் மண் காப்பதும்

போடிநாயக்கனூர் வட்டார விவசாயிக்குக் கல் புதிய பொருள் அல்ல. போடிமெட்டுக்கு ஏறும் சாலையின் 17 கொண்டை ஊசி வளைவுகளிலும் கண்ணில் படுவது பாறைதான். கொட்டகுடி ஆற்றில் உருண்டு கிடப்பதும், இலவமும் மாவும் நிற்கும் அடிவாரக் காடுகளில் ஏர்முனையில் இடறுவதும், மேலே ஏலத்தோட்டத்தில் குழி எடுக்கும்போது கடப்பாரையைத் தடுப்பதும் அதே கல்தான். வீட்டு அஸ்திவாரம், கிணற்றுச் சுற்றுக்கட்டு, வேலிக்கால், அம்மி, ஆட்டுக்கல் என்று தலைமுறை தலைமுறையாக அது பயன்பட்டு வந்திருக்கிறது.

கல்லின் தேவை இன்று பல மடங்காகி விட்டது. சாலைக்கும் கட்டடத்துக்கும் ஜல்லியும் எம்.சாண்டும் வேண்டும். மதுரை - போடி மீட்டர் கேஜ் பாதை அகலப் பாதையாக மாற்றப்பட்டு, 2023 ஜூன் 15-ல் மீண்டும் போடிக்கு ரயில் வந்தது. அத்தகைய பாதையில் தண்டவாளத்தைத் தாங்குவதும் உடைத்த கருங்கல்லே. ஆகவே கல்லுக்கு விலை உண்டு. கரட்டோரத்தில் இரண்டு ஏக்கர் வைத்திருக்கும் விவசாயியிடம், "விளையாத நிலந்தானே, கல்லை மட்டும் எடுத்துக் கொள்கிறோம்" என்று ஆள் வந்து கேட்கும்போது மனம் தடுமாறுவது இயற்கை. கல் விற்ற பணம் ஒரு முறை வரும். கல்லோடு சேர்ந்து போன மண் திரும்ப வராது. எந்தக் கல்லை எடுக்கலாம், எதைத் தொடக்கூடாது, எடுத்த கல்லைக் கொண்டு மண்ணைக் காப்பது எப்படி என்பதை அறிந்தபின் முடிவு செய்வதே நலம்.

மலையின் எலும்பு

ஏலமலையில் பெரும்பாலும் காணப்படுவது சார்னோகைட் என்னும் கடினமான கரும்பாறை. சென்னைக்கு அருகே பரங்கிமலை, பல்லாவரம் பகுதியிலும் இதே இனப் பாறைதான் உள்ளது. கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்ற ஆங்கிலேயரின் கல்லறைக்கு இந்தக் கல் பயன்பட்டது. அதை ஆராய்ந்த தாமஸ் ஹாலண்டு என்ற புவியியலாளர், 1893-ல் அவர் பெயரையே கல்லுக்கும் சூட்டினார். போடி மேற்கு மலையில் பொட்டிபுரம் அருகே நியூட்ரினோ ஆய்வகத்துக்கு இடம் பார்த்தபோது, மலைக்குள் சுரங்கம் குடையத் தக்க உறுதியான பாறை என்று கருதப்பட்டதும் இந்தச் சார்னோகைட்டே.

இவ்வளவு உறுதியான பாறையின் உடலில் தண்ணீர் தங்க இடம் இல்லை. பாறையின் மேல் உள்ள மட்கிய அடுக்கிலும், பாறை வெடிப்புகளிலும் மட்டுமே நீர் தங்கும். அடிவாரக் கிணறுகளில் ஊறுவது இந்த நீர்தான். பாறை மெல்ல மட்கி மொரம்பாகி, மொரம்பு மட்கி மண்ணாகிறது. ஓர் அங்குல மண் உருவாகப் பல நூறு ஆண்டுகள் ஆகும். மலைச்சரிவில் மண் என்பது பாறையின் மேல் போர்த்திய மெல்லிய போர்வை. கல் எடுப்பவர் இந்தப் போர்வையைக் கிழிக்காமல் எடுக்க வேண்டும்.

எடுக்கத்தக்க கல், எடுக்கக்கூடாத கல்

நிலத்தில் கிடக்கும் கல்லை நான்கு வகையாகப் பிரித்துப் பார்க்கலாம்.

முதல் வகை உதிரிக்கல். தேங்காய் அளவு முதல் ஓர் ஆள் தூக்கும் அளவு வரை, மண்ணின் மேல் தனியாகக் கிடப்பது. உழவுக்கும் நடவுக்கும் இடைஞ்சலான இக்கற்களைப் பொறுக்கி வரப்புக்குப் பயன்படுத்தலாம். ஆனால் எலுமிச்சை அளவுக்குக் குறைந்த பொடிக்கற்களை அரித்து எடுக்க வேண்டியதில்லை. மானாவாரி நிலத்தில் அவை மூடாக்குப் போல இருந்து, மழைத்துளி மண்ணை அடிப்பதையும் ஈரம் ஆவியாவதையும் குறைக்கின்றன.

இரண்டாவது வகை பாதி புதைந்த குண்டுக்கல். இதைத் தொடுமுன் அதன் மேல்பக்கத்தைப் பார்க்க வேண்டும். அங்கே மண் சேர்ந்து மேடிட்டிருந்தால், அந்தக் கல் செலவில்லாத தடுப்புச் சுவராக வேலை செய்கிறது என்று பொருள். அதை விட்டுவிட வேண்டும். மண் சேராத குண்டுக்கல்லானால், தரைக்கு மேல் உள்ள பகுதியை மட்டும் பிளந்து எடுத்து, அடியை அப்படியே விடலாம். கல் உடைப்போர் வரிசையாகத் துளையிட்டு, இரும்பு ஆப்புகளை இறக்கி, சம்மட்டியால் மாற்றி மாற்றித் தட்டிப் பிளப்பது நல்ல முறை. வெடி வைக்கும் எண்ணமே வேண்டாம். 1884-ம் ஆண்டு வெடிபொருள் சட்டத்தின்படி உரிமம் இல்லாதவர் வெடிமருந்தைக் கையாள்வது குற்றம், உயிருக்கும் ஆபத்து.

மூன்றாவது வகை ஓடைக்கல். ஓடையில் கிடக்கும் பெரிய கற்கள் வெள்ளத்தின் வேகத்தை உடைக்கின்றன. அவற்றை அள்ளினால் தண்ணீர் படுகையைத் தோண்டும், பின்னர் இருகரையும் சரியும். ஓடையை ஒட்டிய தோட்டக்காரர் அவற்றைத் தொடாமல் இருப்பது அவருடைய கரைக்கே காப்பு.

நான்காவது வகை சரிவின் அடியில் இருக்கும் தாங்கு பாறை. இதில் கைவைக்கவே கூடாது.

அடி மூட்டையை உருவினால்

ஏலக்காய் மூட்டைகளைச் சாய்வாக அடுக்கிவிட்டு அடி மூட்டையை உருவினால் என்ன ஆகும்? மேல் மூட்டைகள் உடனே சரியலாம், சிறிது நேரம் நின்றும் சரியலாம். மலைச்சரிவும் அப்படித்தான். அடிப்பகுதியை வெட்டியதும் சரிவு நின்று கொண்டிருப்பதைப் பார்த்து, "ஒன்றும் ஆகவில்லை" என்று நினைத்துவிடக் கூடாது. கோடையில் காய்ந்த மண்ணுக்குப் பிடிப்பு உண்டு. மழையில் மண் நீரைக் குடித்துக் கனமாகும். பாறைக்கும் மண்ணுக்கும் இடையே இறங்கிய நீர் வழுக்கலை உண்டாக்கும். அப்போதுதான் முன்பு வெட்டிய வெட்டின் பலன் தெரியும்.

போடிமெட்டுக்கு அப்பால், மூணாறு செல்லும் தேசிய நெடுஞ்சாலையில் உள்ள கேப் ரோடு பகுதி இதற்குக் கண்கூடான பாடம். சாலையை அகலப்படுத்தப் பாறையும் சரிவும் வெட்டப்பட்ட அந்த இடத்தில் 2019, 2020-ம் ஆண்டு மழைக்காலங்களில் பெரும் சரிவுகள் ஏற்பட்டுப் போக்குவரத்து நின்றது. பெரிய இயந்திரங்களும் பொறியாளர்களும் உள்ள வேலையிலேயே இந்த நிலை என்றால், ஒரு சிறு விவசாயி தன் தோட்டத்தின் அடிவரம்பை ஜே.சி.பி. கொண்டு தோண்ட இடம் தருவது எத்தகைய துணிச்சல் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். சரிந்து வருவது தன் தோட்டம் மட்டும் அல்ல. மேலே இருப்பவரின் தோட்டமும் கீழே இருப்பவரின் வீடும் அதில் அடங்கும்.

சரிவு வருமுன் சில அடையாளங்கள் தோன்றுவது உண்டு. சரிவின் மேற்புறம் பிறை வடிவில் வெடிப்பு விடும். நேராக நின்ற மரங்கள் சாயும். பழைய கல்கட்டு வயிறு தள்ளும். இதுவரை இல்லாத இடத்தில் ஊற்று கிளம்பும், அல்லது தெளிவாக வந்த ஊற்று கலங்கி வரும். இவற்றில் ஒன்று தெரிந்தாலும், மேலிருந்து வரும் மழைநீரை வேறு பக்கம் திருப்பி, வெடிப்பைக் களிமண்ணால் அடைக்க வேண்டும். மழை வலுத்தால் அந்தச் சரிவிலும் அதன் அடியிலும் யாரும் தங்கக் கூடாது. கிராம நிர்வாக அலுவலருக்கும் உடனே தெரிவிக்க வேண்டும்.

கல்வரப்பு போடும் முறை

பொறுக்கிய உதிரிக்கல்லுக்குச் சிறந்த பயன் சம உயரக் கல்வரப்பு. சரிவின் குறுக்கே ஒரே மட்டத்தில் செல்லும் வரப்பு இது. மட்டம் குறிக்கக் கொத்தனார் பயன்படுத்தும் நீர்மட்டக் குழாயே போதும். நிறமற்ற குழாயில் தண்ணீர் நிரப்பி, இரு முனைகளிலும் தண்ணீர் ஒரே உயரத்தில் நிற்கும் இடங்களில் முளை அடித்துக்கொண்டே போனால் கோடு கிடைத்துவிடும். கண்மதிப்பில் போட்ட வரப்பு ஓரிடத்தில் தாழ்ந்து, மழைநீர் முழுவதும் அங்கே கூடி உடைத்துக்கொண்டு போகும்.

கோட்டின் மேல் ஓர் அடி ஆழத்துக்குக் கடைக்கால் எடுத்து, கெட்டித் தரை தெரிந்தபின் பெரிய கற்களை அடியில் வைக்க வேண்டும். சுமார் 1 மீட்டர் உயரக் கட்டுக்கு அடியில் 75 செ.மீ., மேலே 45 செ.மீ. அகலம் இருக்கலாம். முகப்பு மலையை நோக்கிச் சற்றுச் சாய்ந்திருக்க வேண்டும். செங்குத்தாக நிற்கும் கட்டு முதல் பெருமழையிலேயே வெளியே தள்ளப்படும். ஒவ்வொரு கல்லும் கீழ் வரிசையின் இரு கற்களின் மேல் அமர வேண்டும், இணைப்பின் மேல் இணைப்பு வரக்கூடாது. ஆங்காங்கே முகப்பிலிருந்து பின்புறம் வரை எட்டும் நீளக்கல்லைக் குறுக்கே வைத்தால் கட்டு பிளக்காது. பின்புறம் மண்ணைக் கொட்டாமல், முதலில் சில்லுக்கற்களை நிரப்பி அதன்பின் மண் இட வேண்டும்.

சிமெண்டு பூசினால் கட்டு இன்னும் உறுதி பெறும் என்று சிலர் எண்ணுகின்றனர். இது தவறு. சாந்தில்லாத கட்டின் இடுக்குகள் வழியே தண்ணீர் கசிந்து வெளியேறும், மண் மட்டும் தங்கும். பூசிய கட்டில் வடிதுளை விடாவிட்டால், பின்னால் தேங்கும் நீரே அதைத் தள்ளிச் சாய்த்துவிடும்.

மேலே சொன்ன அளவில் 10 மீட்டர் நீளக் கட்டுக்குக் கடைக்கால் உட்பட சுமார் 8 கன மீட்டர் கல் தேவை. 3 கன மீட்டர் கொள்ளும் டிராக்டர் டிரெய்லரில் மூன்று நடைக்குள் அடங்கும். கல் குறைவாக உள்ள இடத்தில், ஓரிரு அடி உயரத்துக்குக் கல் அடுக்கி, அதன் மேல்பக்கம் வெட்டிவேர் நட்டுவந்தால் வேரும் கல்லும் சேர்ந்து மண்ணைப் பிடிக்கும்.

தோட்டத்துக்குள் அரித்தோடும் சிற்றோடைகளுக்குக் கல் தடுப்பணை ஏற்றது. உயரம் 1 மீட்டருக்கு மிகக்கூடாது. இரு முனைகளையும் கரைக்குள் ஒன்றரை அடியாவது புதைக்க வேண்டும். நடுப்பகுதியைத் தாழ்வாக விட்டால்தான் வெள்ளம் நடுவே வழியும், ஓரத்தை அரிக்காது. நீர் விழும் கீழ்ப்பக்கத்தில் கற்களை நீளமாகச் சரித்துப் பரப்ப வேண்டும். கீழ்த் தடுப்பின் உச்சி, மேல் தடுப்பின் அடிமட்டத்துக்குச் சமமாக வரும்படி அடுத்தடுத்துப் போட்டால் ஓடை நாளடைவில் படிப்படியாக மேவிவிடும். வேலையை மேலிருந்து தொடங்கிக் கீழே வரவேண்டும்.

ஏலத்தோட்டத்தில் கவனிக்க வேண்டியவை

ஏலச்செடியின் வேர்கள் ஆழமாக இறங்குவதில்லை, மேல்மண்ணிலேயே படர்கின்றன. மட்கு நிறைந்த அந்த மேல்மண்ணில் இரண்டு அங்குலம் கரைந்தாலும் தூரின் அடி வெளியே தெரிந்து, செடி சாய ஆரம்பிக்கும். ஆகவே கல்லைப் புரட்டி எடுக்கும் வேலையை மழைக்காலத்தில் வைத்துக்கொள்ளக் கூடாது. கல் எடுத்த பள்ளத்தை அன்றே மண்ணிட்டு மூடி, சருகு போட்டு விட வேண்டும்.

செங்குத்தான இடத்தில் ஒவ்வொரு செடிக்கும் கீழ்ப்பக்கத்தில் பிறை வடிவில் கல் அடுக்கினால், மண்ணும் சருகும் உரமும் அங்கேயே தங்கும். கல்லைத் தூரோடு ஒட்டி வைக்கக்கூடாது. புதுத் தட்டை கிளம்பவும் சரம் படரவும் இடம் வேண்டும். நிழல் மரத்தின் வேர் கவ்விய பாறையை அசைக்கக் கூடாது. மரம் சாய்ந்தால் நிழலும் போகும், விழும் இடத்துச் செடிகளும் போகும்.

கல் குவாரியும் கிரஷரும் அருகில் உள்ள தோட்டங்களில் தூசு இலைமேல் படிந்து வெளிச்சத்தை மறைக்கும், இலைத்துளைகளை அடைக்கும். உடைக்கும் இடத்திலேயே தண்ணீர் தெளித்துத் தூசை அடக்குவது குவாரி நடத்துவோரின் கடமை. அங்கே வேலைக்குப் போகும் குடும்பத்தினர் முகமூடி இல்லாமல் போகக்கூடாது. கல்தூசியில் உள்ள படிகத்துகள் நுரையீரலில் தங்கிச் சிலிக்கோசிஸ் என்னும் தீராத நோயை உண்டாக்கும்.

குவாரிக்கு நிலம் கேட்டு வந்தால்

பட்டா நிலமானாலும் விற்பனைக்குக் கல் எடுக்க, 1959-ம் ஆண்டு தமிழ்நாடு சிறுகனிமச் சலுகை விதிகளின்படி அனுமதி பெற வேண்டும். 2012 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்புக்குப் பின், 5 ஹெக்டேருக்குக் குறைந்த குவாரிக்கும் சுற்றுச்சூழல் அனுமதி தேவை. மலையிடப் பாதுகாப்புக் குழும வரம்பில் உள்ள கிராமங்களுக்குக் கூடுதல் கட்டுப்பாடு உண்டு. காப்புக்காட்டில் ஒரு கல்லை எடுப்பதும் குற்றமே. "எல்லா அனுமதியும் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்ற வாய்வார்த்தையை நம்பிக் கைரேகை வைத்தவரின் பெயரில்தான் நிலம் இருக்கிறது. விசாரணை வந்தால் முதலில் கேள்வி கேட்கப்படுவதும் அவரே.

மேலும் ஒரு கணக்கு உண்டு. ஓர் ஏக்கர் நிலத்தில் ஓர் அடி ஆழ மேல்மண் என்பது 43,560 கன அடி, அதாவது சுமார் 1,233 கன மீட்டர். 3 கன மீட்டர் டிரெய்லரில் 411 நடை. குவாரிக்காக நிலத்தை விடும்போது முதல் வாரத்திலேயே ஒதுக்கித் தள்ளப்படுவது இந்த 411 நடை மண்தான். கல்லுக்குப் பேசும் விலையில் இந்த மண்ணின் விலை சேருவதே இல்லை.

ஆகவே குத்தகைக்கு விட்டே தீரவேண்டிய நிலையில் உள்ளவர்களும் கீழ்க்கண்டவற்றை எழுத்தில் கேட்டுப் பெற வேண்டும்.

1. மேல்மண்ணைத் தனியே குவித்து, மழையில் கரையாதபடி புல் வளர்த்து, முடிவில் திரும்பப் பரப்ப வேண்டும். அதைக் கிராவல் மண்ணோடு கலந்து விற்கக் கூடாது.

2. பக்கத்துப் பட்டா நிலத்திலிருந்து 7.5 மீட்டரும், புறம்போக்கு நிலத்திலிருந்து 10 மீட்டரும் விட்டுத்தான் வெட்ட வேண்டும். குடியிருப்பிலிருந்து 300 மீட்டருக்குள் குவாரிக்கு இடம் இல்லை.

3. பாறையைக் கிணறு போலச் செங்குத்தாக வெட்டாமல் படிப்படியாக வெட்ட வேண்டும். படியின் அகலம் அதன் உயரத்துக்குக் குறையக்கூடாது.

4. கழிவுக்கல்லை ஓடையிலோ, வாய்க்காலிலோ, கண்மாயிலோ தள்ளக்கூடாது.

5. வேலை தொடங்குமுன் சுற்றியுள்ள கிணறுகளின் நீர்மட்டத்தை அளந்து, தேதியுடன் குறித்து இரு தரப்பும் கையெழுத்திட வேண்டும். வெட்டு நீர்மட்டத்துக்குக் கீழே போனால் பாறை வெடிப்புகளில் வரும் நீர் குவாரிக்குள் வடிந்து, அக்கம்பக்கத்துக் கிணறுகள் வற்றும். பழைய அளவு எழுத்தில் இல்லாவிட்டால் பின்னர் முறையிட ஆதாரம் இராது.

நான்காவது நிபந்தனையின் அருமையை மதுரை மாவட்ட மேலூர் வட்டார விவசாயிகள் அறிவார்கள். அங்கே கிரானைட் குவாரிகளால் கண்மாய்களும் வரத்துக் கால்வாய்களும் பாழானதாகப் புகார்கள் எழுந்து, 2014-ல் சென்னை உயர் நீதிமன்றம் உ. சகாயத்தைச் சட்ட ஆணையராக நியமித்து விசாரிக்கச் செய்யும் அளவுக்கு விவகாரம் வளர்ந்தது. கால்வாய் மூடிய பிறகு வழக்கு நடத்துவதைவிட, மூடாமல் காப்பது எளிது.

கைவிட்ட குவாரிக்குழி

சில நிலங்களில் பழைய பாறைக்குழிகள் மழைநீர் நிரம்பி நிற்கின்றன. இவற்றைப் பாசனக் குட்டையாகப் பயன்படுத்தலாம். முதலில் தண்ணீரைப் பரிசோதிக்க வேண்டும். விளிம்பில் தொங்கும் கற்களை நீக்கி, சுற்றிலும் வேலி போட்டு, ஒரு பக்கம் இறங்கப் படி அமைக்க வேண்டும். குளத்தைப் போல் இதற்குச் சரிவான கரை கிடையாது. ஓர் அடி தவறினால் பல ஆள் ஆழம். பள்ளி விடுமுறையில் குளிக்கப் போகும் பிள்ளைகளும், தண்ணீர் குடிக்க இறங்கும் மாடுகளும் பலியாவது இத்தகைய குழிகளில்தான். வேலி போடாமல் தண்ணீரைப் பயன்படுத்துவது சரியல்ல.

கல்தூள் உரமாகுமா?

கிரஷர் தூளை நிலத்தில் போட்டால் சத்து கிடைக்கும் என்று சொல்லி விற்பவர்கள் உண்டு. கருங்கல்லில் சாம்பல் சத்து இருப்பது உண்மை. ஆனால் அது பாறைக்குள் பூட்டிக் கிடக்கிறது, மிக மெதுவாகவே வெளிப்படும். அதை நம்பி உரத்தைக் குறைத்தால் பயிர் ஏமாறும். கல்தூள் சுண்ணாம்புக்கும் மாற்று ஆகாது. ஏலமலையின் புளிப்பு மண்ணைத் திருத்துவது சுண்ணாம்போ டோலமைட்டோதான், அதுவும் மண் பரிசோதனை சொல்லும் அளவில் மட்டும். தூள் மீது சில சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டுப் பார்த்தால், சுண்ணாம்புக்கல் தூள் சிறிதாவது நுரைக்கும், கருங்கல் தூள் சும்மா இருக்கும்.

நிலத்துக்கு உண்மையில் பலன் தரும் தோண்டுபொருள் கண்மாய் வண்டல். 2017-ல் அரசு வகுத்த அளவின்படி ஏக்கருக்கு நன்செய்க்கு 75 கன மீட்டரும், புன்செய்க்கு 90 கன மீட்டரும் கட்டணமின்றி எடுக்கலாம். 2024 முதல் வட்டாட்சியரே இதற்கு அனுமதி வழங்குகிறார். 90 கன மீட்டர் வண்டலை ஓர் ஏக்கரில் பரப்பினால் கிடைப்பது ஓர் அங்குலத்துக்கும் குறைவான கனமே. ஓர் அடி மேல்மண்ணை இழந்தவர் அதை ஈடுசெய்ய இதைப்போல 13 முறைக்கு மேல் வண்டல் அடிக்க வேண்டும்.

வேலைக்குரிய காலம்

தைப்பொங்கல் முடிந்ததும் உதிரிக்கல் பொறுக்கத் தொடங்கலாம். மாசி, பங்குனியில் மட்டம் குறித்துக் கடைக்கால் எடுத்து, சித்திரைக்குள் கல்வரப்பை முடிக்க வேண்டும். மலைமேல் தென்மேற்குப் பருவமழை ஜூனில் தொடங்கிவிடும். அடிவாரக் காடுகளுக்கு வடகிழக்குப் பருவமழை வரும் ஐப்பசி வரை அவகாசம் உண்டு. முதல் இரண்டு மழை முடிந்ததும் வரப்பைச் சுற்றி வந்து, சரிந்த கல்லை அன்றைக்கே எடுத்து வைத்துவிட வேண்டும்.

கல்வரப்பு, தடுப்பணைகளுக்கான மதிப்பீடும் உதவியும் பற்றி வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்திலும், ஏலப்பயிர் பற்றி நறுமணப் பொருள் வாரியத்திலும் பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியிலும் கேட்டறியலாம். குவாரி ஒப்பந்தம் எதிலும் கையெழுத்திடுமுன், அதைப் படிக்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டி, அக்கம்பக்கத்து நிலக்காரர்களையும் கலந்துகொள்வது அவசியம்.